‘இஃப்’ என்னும் சிறிய சொல்

கடந்த தவணைப் பரீட்சையில் பொது ஆங்கில வினாத்தாளில் நிபந்தனை வாக்கியங்கள் பற்றி ஒரு வினா வந்திருந்தது. பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் தரப்பட்ட வினைச்சொல்லைச் சரியான வடிவத்தில் எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தது மூன்று புள்ளிகள் மட்டுமே.

சூத்திரம் தெரியாமல் நான் பிழை விடவில்லை. முதலாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று மூன்று சூத்திரங்களையும் கொப்பியின் பின் அட்டையில் எழுதி, பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மனனம் செய்திருந்தேன். ஆனால் வினாத்தாளைக் கண்டதும் எந்த வாக்கியம் எந்த வகை என்று பிடிபடவில்லை. விடைத்தாளைத் திருப்பித் தந்த டீச்சர், “உங்களுக்குப் பூட்டும் தெரியும், திறப்பும் இருக்கிறது. எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்கு என்பதுதான் தெரியவில்லை” என்றார்.

உயர்தரத்தில் பொது ஆங்கிலத்தின் புள்ளி இசட் புள்ளிக் கணிப்பில் சேர்க்கப்படுவதில்லை. அதனால் எம்மில் பலர் அந்தப் பாடத்தைப் பொருட்படுத்துவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்த மூன்று புள்ளிகள் எனக்கு வெட்கமாக இருந்தன. விடுமுறையில் இந்த ஒரு பாடத்தையாவது விளங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அப்போது நான் கற்றுக்கொண்டவற்றை என்னைப் போல் தடுமாறும் சகோதரிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான்கு வகைகள், ஒரே கேள்வி

நிபந்தனை வாக்கியத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நிபந்தனை, மற்றையது அதன் விளைவு. ‘மழை பெய்தால் வீட்டில் நிற்பேன்’ என்பதில் மழை பெய்வது நிபந்தனை, வீட்டில் நிற்பது விளைவு. ஆங்கிலத்தில் நிபந்தனைப் பகுதி பெரும்பாலும் ‘இஃப்’ என்ற சொல்லோடு வரும்.

வகைகளை இலக்கம் வைத்து நினைவில் வைப்பதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கேட்கிறேன்: பேசுபவர் இந்த விடயத்தை உண்மையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்துப் பேசுகிறார்?

எப்போதும் நடப்பதைச் சொன்னால் அது பூச்சிய வகை. எங்கள் ஊரான மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்போனது. எனது மூத்தம்மாவின் வீட்டிலும் முன்னர் தறி இருந்தது. நூல் அறுந்தால் தறி நிற்கும். இதில் சந்தேகமே இல்லை. ‘இஃப் த த்ரெட் பிரேக்ஸ், த லூம் ஸ்டொப்ஸ்’ என்று இரண்டு பக்கமும் நிகழ்காலத்தில் எழுத வேண்டும்.

நடக்கக்கூடியதைச் சொன்னால் அது முதலாம் வகை. நாளை மழை பெய்யலாம், பெய்யாமலும் விடலாம். ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமோரோ, ஐ வில் ஸ்டே அட் ஹோம்.’ நிபந்தனைப் பகுதி நிகழ்காலத்தில் வரும். விளைவுப் பகுதியில் ‘வில்’ வரும்.

இப்போது இல்லாததை, அல்லது நடக்காது என்று நினைப்பதைக் கற்பனை செய்தால் அது இரண்டாம் வகை. ‘இஃப் ஐ ஹெட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை.’ எனக்குச் சிறகு இல்லை, இருந்தால் பறப்பேன். நிபந்தனைப் பகுதியில் இறந்தகால வடிவமும் விளைவுப் பகுதியில் ‘வுட்’ என்பதும் வரும். ‘இஃப் ஐ வேர் யூ’ என்று சொல்வதும் இந்த வகைதான். நான் ஒருபோதும் நீங்களாக முடியாது. அதனால்தான் அங்கே வழமையான ‘வொஸ்’ என்பதை விட்டு ‘வேர்’ என்கிறார்கள்.

நடந்து முடிந்த ஒன்று வேறு விதமாக நடந்திருக்கலாமே என்று நினைத்தால் அது மூன்றாம் வகை. ‘இஃப் ஐ ஹெட் ஸ்டடீட், ஐ வுட் ஹெவ் பாஸ்ட்.’ நான் படித்திருந்தால் சித்தியடைந்திருப்பேன். படிக்கவில்லை, சித்தியடையவும் இல்லை. இனி ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே இலக்கம் கூடக்கூட உண்மையிலிருந்து தூரமும் கூடுகிறது. பூச்சியத்தில் எதுவும் மாறாது. ஒன்றில் கதவு திறந்திருக்கிறது. இரண்டில் கதவு சாத்தியிருக்கிறது. மூன்றில் அது பூட்டப்பட்டு, திறப்பும் தொலைந்துவிட்டது.

நாம் எங்கே தடுமாறுகிறோம்?

நான் விட்ட ஏழு பிழைகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எனது தாய்மொழிக்குள்ளேயே இருந்தது.

தமிழில் ‘நூல் அறுந்தால் தறி நிற்கும்’, ‘நாளை மழை பெய்தால் வீட்டில் நிற்பேன்’, ‘சிறகு இருந்தால் பறப்பேன்’ ஆகிய மூன்றும் ஒரே அமைப்பு. வினையோடு ‘ஆல்’ சேர்கிறது, பின்னால் எதிர்காலம் வருகிறது. ஆங்கிலம் மூன்றாகப் பிரிப்பதைத் தமிழ் ஒரே வடிவத்தில் சொல்லிவிட்டு, மற்றதைக் கேட்பவரின் விளக்கத்துக்கு விட்டுவிடுகிறது. நாம் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது முதலாம் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையில் தடுமாறுவது அதனால்தான். மூன்றாம் வகைக்கு மட்டும் எமக்குத் தனி வடிவம் உண்டு. ‘படித்திருந்தால் சித்தியடைந்திருப்பேன்.’ அதனால் அதன் பொருள் எமக்கு உடனே விளங்கிவிடும்.

இரண்டாம் வகையில் எனக்கு இருந்த பெரிய சந்தேகம், இப்போதைய கற்பனையை ஏன் இறந்தகாலத்தில் சொல்கிறார்கள் என்பது. இதற்கும் தமிழிலேயே விடை கிடைத்தது. ‘பெய்தால்’ என்ற சொல்லைப் பிரித்தால் பெய் + த் + ஆல். ‘ஓடினால்’ என்பது ஓடு + இன் + ஆல். த், ட், ற், இன் ஆகியவை இறந்தகால இடைநிலைகள் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். ‘வந்தாள்’ என்பதற்கும் ‘வந்தால்’ என்பதற்கும் கடைசி எழுத்தில்தானே வித்தியாசம்! நாளைக்குப் பெய்யப்போகும் மழையையும் நாம் இறந்தகால இடைநிலை வைத்தே ‘பெய்தால்’ என்கிறோம். இதுவரை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. நிபந்தனைக்குள் வரும் வினை காலத்தைக் காட்ட வந்ததல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆங்கிலத்தின் ‘ஹெட்’ என்பதும் அவ்வாறே. அது நேற்றைக் காட்டவில்லை, தூரத்தைக் காட்டுகிறது.

அடுத்தது ‘இஃப்’ என்பதற்கும் ‘வென்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். ‘விடிந்தால் பெருநாள்’ என்று வீட்டில் சொல்கிறோம். விடியுமோ விடியாதோ என்ற சந்தேகத்தில் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அதை ‘இஃப்’ போட்டு ஆங்கிலத்தில் எழுதினால் சந்தேகம் வந்துவிடும். நிச்சயமாக நடக்கும் விடயத்துக்கு ‘வென்’, நடக்கலாம் நடக்காமலும் விடலாம் என்பதற்கு ‘இஃப்’.

இந்த இடத்தில் எமது அறபுப் பாடம் எனக்கு உதவியது. அறபில் நிபந்தனைக்கு ஒரு சொல் மட்டும் இல்லை. நிச்சயமாக எதிர்பார்க்கப்படுவதற்கு ‘இதா’, நடக்கக்கூடியதற்கு ‘இன்’, உண்மைக்கு மாறானதற்கு ‘லவ்’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. சூரத்துன் நஸ்ர் ‘இதா’ என்ற சொல்லோடுதான் ஆரம்பமாகிறது. அல்லாஹ்வின் உதவி வருவதில் சந்தேகம் இல்லை அல்லவா? ‘இதா’வுக்குப் பின்னால் வருவதும் இறந்தகால வினை வடிவமே, ஆனால் பொருள் வரப்போவதைப் பற்றியது. நாம் சிறு வயதிலிருந்து ஓதிவரும் மொழியிலும் இதே பாடம் இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

கவனிக்க வேண்டிய நான்கு பிழைகள்

1. நிபந்தனைப் பகுதிக்குள் ‘வில்’ போடுவது. ‘இஃப் இட் வில் ரெயின்’ என்பது பிழை, ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்பதே சரி.

2. நிபந்தனைப் பகுதிக்குள் ‘வுட் ஹெவ்’ போடுவது. ‘இஃப் ஐ வுட் ஹெவ் நோன்’ என்று நான் எழுதியிருந்தேன். ‘இஃப் ஐ ஹெட் நோன்’ என்று வர வேண்டும். ‘வில்’, ‘வுட்’ ஆகியவற்றின் இடம் விளைவுப் பகுதி என்று நினைவில் வைத்தால் பரீட்சையில் இந்த இரண்டு பிழைகளும் வரா.

3. ‘அன்லெஸ்’ என்பதோடு இன்னொரு எதிர்மறையைச் சேர்ப்பது. ‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ என்ற பொருள் இருக்கிறது. ‘அன்லெஸ் யூ ஸ்டடி’ என்றாலே ‘நீங்கள் படிக்காவிட்டால்’ என்றாகிவிடும். ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

4. காற்புள்ளி. ‘இஃப்’ பகுதி முதலில் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இட வேண்டும். விளைவு முதலில் வந்து ‘இஃப்’ பின்னால் வந்தால் காற்புள்ளி தேவையில்லை. தமிழில் நிபந்தனையை முதலில் சொல்வதே எமது வழக்கம், ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் சொல்லலாம்.

உம்மாவோடு செய்த பயிற்சி

விளங்கினால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் உள்ள வாக்கியங்களை நான் ஏற்கனவே செய்து முடித்திருந்ததால் விடைகள் மனதில் நின்றன. புதிய வாக்கியங்கள் தேவைப்பட்டன. அதனால் உம்மாவிடம் கேட்டேன். அவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அது எந்த வகை என்று கண்டுபிடித்து ஆங்கிலத்தில் எழுதுவேன்.

உம்மா ஆங்கிலம் தெரியாதவர். ஆனால் அவரது பேச்சில் நிபந்தனைகளுக்குக் குறைவே இல்லை. “மீன்காரர் வந்தா கூப்பிடுங்க மகள்.” இது முதலாம் வகை. “பால் பொங்கினா அடுப்ப நூர்த்திரணும்.” இது பூச்சியம். “நமக்கிட்டக் காசி கிடந்தா வீட்டுக்கு மேல ஒரு அறை போடலாம்.” இது இரண்டாம் வகை. ஒரே இருப்பில் இருபது வாக்கியங்கள் எழுதினேன். அவற்றில் இரண்டு மட்டும்தான் பிழைத்தன.

“உம்மா, மூண்டாம் வகைக்கும் ஒண்டு சொல்லுங்க. நடந்து முடிஞ்சதப் பத்தி, அப்படி நடக்காம இரிந்திருந்தா எண்டு” என்று கேட்டேன்.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மடித்துக்கொண்டிருந்த உடுப்பை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்டைக்கு நான் அவள அனுப்பாம இரிந்திருந்தா, அவள் தப்பியிருப்பாள்.”

எனக்கு ஒரு சாச்சி இருந்தார். நான் அவரைக் கண்டதில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில், கடற்கரைப் பக்கம் இருந்த மாமியின் வீட்டில் தைக்கக் கொடுத்திருந்த சட்டையை எடுத்து வரும்படி உம்மா அவரை அனுப்பினார். அப்போது சாச்சிக்குப் பதினைந்து வயது. அதன் பிறகு அவர் வரவில்லை. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் அன்று மௌத்தாகினார்கள்.

நான் பேனையை வைத்துவிட்டேன். உம்மாவே தொடர்ந்தார்: “அவள் இங்கிலீசில நல்ல கெட்டிக்காரி. அவள் இரிந்திருந்தா இப்ப உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தருவாள்.”

அந்த இரண்டாவது வாக்கியம் எனது கொப்பியில் இருந்த எந்தச் சூத்திரத்துக்கும் பொருந்தவில்லை. நிபந்தனை கடந்த காலத்தில் இருக்கிறது, விளைவு இப்போது நடக்க வேண்டியது. பின்னர் டீச்சரிடம் கேட்டபோது அதைக் கலப்பு நிபந்தனை வாக்கியம் என்றார். ‘இஃப் ஷி ஹெட் லிவ்ட், ஷி வுட் டீச் மீ நவ்.’ நிபந்தனைப் பகுதி மூன்றாம் வகை, விளைவுப் பகுதி இரண்டாம் வகை. உயர்தர மாணவிகள் இதை அறிந்திருப்பது நல்லது. நான் இனி அதை மறக்கமாட்டேன்.

‘லவ்’ பற்றிய எச்சரிக்கை

உம்மா அந்த வாக்கியத்தை இருபது வருடங்களாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார் என்பது எனக்குப் பாரமாக இருந்தது. இதை எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கூறினேன். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஒரு ஹதீஸை அவர் நினைவுபடுத்தினார். ஏதாவது ஏற்பட்டுவிட்டால், நான் இப்படிச் செய்திருந்தால் இப்படி நடந்திருக்குமே என்று சொல்ல வேண்டாம், அல்லாஹ் விதித்தது அது என்று சொல்லுங்கள், ஏனெனில் ‘லவ்’ என்பது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் என்பது அதன் கருத்து. மூன்றாம் வகை நிபந்தனையின் பூட்டிய கதவுக்கு முன்னால் மனிதர் வாழ்நாள் முழுவதும் நின்றுவிடக்கூடும் என்பதையே இந்த ஹதீஸ் சொல்கிறது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

“அப்படியென்றால் அந்த வகை வாக்கியத்தைப் பேசவே கூடாதா?” என்று கேட்டேன். விதியை நொந்து பேசுவதுதான் தடுக்கப்பட்டது, படிப்பினை பெறுவதற்காகப் பேசுவது அப்படியல்ல என்று அவர் விளக்கினார்.

அந்த விளக்கத்தோடு எங்கள் டீச்சர் தந்த ஒரு பயிற்சியைச் செய்தேன். மூன்றாம் வகை வாக்கியம் ஒன்றை எழுதி, அதற்குக் கீழே அதிலிருந்து முதலாம் வகை வாக்கியம் ஒன்றை உருவாக்க வேண்டும். நான் எழுதியது இது.

‘2004இல் இந்து சமுத்திரத்துக்கு ஓர் எச்சரிக்கை முறை இருந்திருந்தால், பலர் தப்பியிருப்பார்கள்.’

இது வெறும் கற்பனை அல்ல. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் சுனாமி எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. சுமாத்திராவுக்கு அருகில் கடலடியில் பூமியதிர்ச்சி ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின்னர்தான் எமது கிழக்குக் கரையை அலை அடைந்தது. இரண்டு மணித்தியாலம் இருந்தும் எமக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அதற்குக் கீழே எழுதிய முதலாம் வகை வாக்கியம்: ‘எச்சரிக்கை வந்தால், நாம் உடனே கடலை விட்டுத் தூரமாகப் போவோம்.’

இதுவும் கற்பனை அல்ல. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது இலங்கைக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் வெளியேறினார்கள். அப்போது நான் சிறு பிள்ளை. உம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்குப் பக்கமாக ஓடியது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. செருப்புக்கூடப் போடாமல் ஓடியதாகச் சொல்வார்கள். அன்று பேரலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வந்திருந்தாலும் நாங்கள் கரையில் இருந்திருக்கமாட்டோம்.

உம்மாவிடம் இதை வாசித்துக் காட்டி, “சாச்சியப் பத்திச் சொன்ன அந்த வாக்கியத்தால அழுதுக்கிட்டு மட்டும் நீங்க இரிக்கல்ல உம்மா, அத வச்சித்தானே என்னத் தூக்கிக்கிட்டு ஓடினீங்க” என்றேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனது தலையைத் தடவிவிட்டு எழும்பிப் போனார்.

நீங்களும் செய்து பாருங்கள்

சகோதரிகளே, சூத்திரத்தை மனனம் செய்வதற்கு முன்னர் வீட்டில் ஒரு நாள் முழுவதும் எல்லோருடைய பேச்சையும் கவனித்துக் கேளுங்கள். ‘ஆல்’ என்று முடியும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டு வகைப்படுத்துங்கள். அதன் பின்னர் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியங்கள் போதும். பெற்றோரே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பிள்ளைக்கு அருகில் இருந்து தமிழில் வாக்கியம் சொல்லிக் கொடுக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய உதவி கிடைக்கவில்லை.

இறுதியாக ஒரு விடயம். என் பரீட்சைத் தாளில் டீச்சர் பிழை என்று வெட்டாமல், சிவப்புப் பேனையால் கேள்விக்குறி மட்டும் இட்டிருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. எதிர்காலம் பற்றிச் சொந்தமாக எழுதச் சொன்ன இடத்தில், ‘இஃப் ஐ வென்ட் டு யுனிவர்சிட்டி, ஐ வுட் பிகம் அன் இங்கிலிஷ் டீச்சர்’ என்று எழுதியிருந்தேன். இலக்கணம் சரிதான். ஏன் இந்தக் கேள்விக்குறி என்று கேட்டேன். “நீங்கள் போகமாட்டீர்கள் என்று யார் சொன்னது? ஏன் அதை இரண்டாம் வகையில் எழுதினீர்கள்?” என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாளே அந்த வாக்கியத்தை முதலாம் வகையில் திருத்தி எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். ‘இஃப் ஐ கோ டு யுனிவர்சிட்டி, ஐ வில் பிகம் அன் இங்கிலிஷ் டீச்சர்.’ அதற்குப் பக்கத்தில் தமிழில் இன்ஷா அல்லாஹ் என்றும் எழுதியிருந்தேன்.